இடப்பக்கச் சுவர்

அந்த அம்மா சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள், பழைய வீடு, அழுது வடியும் விளக்கு, ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, ஒரு வாய் சாப்பிட்டுவிடு என்று கெஞ்சியபடி கரண்டியை நீட்டுகிறாள், கரண்டிக்கு அந்தப் பக்கம் யாருமில்லை, சாம்பல் பூத்த சுவர் மட்டும்தான், ஆனால் திரையரங்கில் இருந்த மொத்தக் கூட்டமும் மூச்சை உள்ளே இழுத்தது, பக்கத்து இருக்கையில் ஹபீபா தமயந்தியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள், தமயந்தி மட்டும் பாப்கார்னை மென்றபடி, வெறும் சுவரோடு இத்தனை நேரம் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று நினைத்தாள். கோயமுத்தூரில் இங்கிலீஷ் படம் எது வந்தாலும் முதல் ஞாயிறு பகல் காட்சிக்கு அவர்கள் இரண்டு பேரும் போய்விடுவார்கள், ஒரே பாலிடெக்னிக்கில் தமயந்தி வேதியியல் ஆசிரியை, ஹபீபா கணக்கு, வீட்டுக்கு வந்ததும் தமயந்தி தன் அபிப்பிராயத்தைப் பேசி யூடியூபில் போடுவாள், முகம் காட்டமாட்டாள், குரல் மட்டும்தான், அந்தக் குரலுக்காகவே காத்திருக்கிறவர்கள் உண்டு. செத்துப்போன நாயகன் அடுத்த பாகத்தில் வேறொரு உலகத்திலிருந்து எழுந்து வருகிறான், அப்படியானால் போன பாகத்தில் நான் அழுத அழுகைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பாள், ஊரையே இடித்துத் தள்ளுகிறார்கள் ஆனால் ஒருவர் சட்டையிலும் தூசி இல்லை என்பாள், எல்லாவற்றுக்கும் மேலாக இந்த நாலைந்து வருஷமாக அவள் விடாமல் சொல்லிவந்த குறை ஒன்று உண்டு, இப்போதெல்லாம் ஹாலிவுட்டில் விளக்குப் போடுவதையே மறந்துவிட்டார்கள், பாதித் திரையில் ஒன்றுமே இல்லை, இவ்வளவு கோடி கொட்டி இருட்டைத்தான் எடுக்கிறார்கள் என்று. அது அவளுடைய முத்திரை வசனம்போலவே ஆகியிருந்தது, கேட்டவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள், படங்களும் கொஞ்சம் இருட்டாகத்தான் இருந்தன, அதுதான் அவளை ஏமாற்றியது.

அந்தப் பேய்ப்படத்துக்கும் அப்படியே பேசிப் போட்டாள், ஒரு நல்ல நடிகையைப் படம் முழுக்கச் சுவரோடு பேசவிட்டு வீணடித்துவிட்டார்கள் என்று, மறுநாள் ஆசிரியர் அறையில் ஹபீபா விழுந்து விழுந்து சிரித்தாள், சுவரோட பேசறாளாமே, சூப்பர்க்கா, எப்படிக்கா இப்படியெல்லாம் தோணுது உங்களுக்கு என்றாள், தமயந்திக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை, விளங்காத சிரிப்பு ஒரு மாதிரி உடம்பில் ஒட்டிக்கொண்டே இருந்தது, கரும்பலகையில் எழுதும்போதும் இருந்தது, பேருந்திலும் இருந்தது, சில வாரங்கள் கழித்து அந்தப் படம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்ததும் மத்தியான வேளையில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வெளிச்சத்தை முழுக்க ஏற்றிவைத்து, அந்தக் காட்சியைப் போடுகிறாள், கணவர் சிவஞானம் பம்ப் கம்பெனியில் காலை ஷிப்ட் முடிந்து சாப்பிட்டுப் படுக்கப் போனவர் வாசலில் நின்று பார்க்கிறார், என்னங்க, இவ யார்கூடப் பேசறா என்று அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தார், அவள் மறுபடி கேட்டாள். அந்தப் புள்ளகூடத்தான், அங்க மூலையில உக்காந்துட்டிருக்குதே, உனக்குத் தெரியலயா. எந்த மூலை. இந்தப் பக்கம், சுவத்தோரமா. படத்தை நிறுத்தினாள், எழுந்து தொலைக்காட்சிக்கு அருகில் போனாள், சுவர்தான் இருந்தது, கீறல் விழுந்த சாம்பல் சுவர், தன் முகத்தை மெல்ல இடப்பக்கமாகத் திருப்பினாள், திருப்பத் திருப்பச் சுவருக்குள்ளிருந்து முதலில் ஒரு முழங்கால் வந்தது, அப்புறம் கவுனின் ஓரம், அப்புறம் அவளையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் முகம். பயமே வரவில்லை என்று அவள் ஊருக்கெல்லாம் சொன்ன படம் அது, இப்போது பின்வாங்கி நாற்காலியில் இடித்துக்கொண்டாள், சிவஞானம் வந்து பிடித்துக்கொண்டார், தமயந்தி, என்னாச்சு, என்னைப் பாரு என்கிறார், அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அவள் தேடுகிறாள்.

கண் மருத்துவமனையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும், தெரியாததையும் தெரிந்ததாக அழுத்திவிட அவள் விரல் துடித்தது, பரிசோதித்த பெண், மேடம், யோசிச்சு அழுத்தாதீங்க, தெரிஞ்சா மட்டும் என்றாள், வெளிச்சங்களுக்கு நடுவில் நீளமாக ஒரு மௌனம் வந்தது, அந்த மௌனத்தில் தெரியாமல் போன வெளிச்சங்கள் எத்தனை என்று அவளுக்கு எப்படித் தெரியும். டாக்டர் அம்மா பரிசோதனைத் தாளை விரித்து நிதானமாக விளக்கினார், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது, இடக்கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலக்கண்ணில் மூக்குப் பக்கமாகத் தொடங்கியிருக்கிறது, போனது வராது, தினமும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். போன இடம் கறுப்பாத்தானே டாக்டர் தெரியணும், எனக்கு ஒண்ணுமே கறுப்பா இல்லையே என்று தமயந்தி கேட்டாள், வாதாடி ஜெயித்துவிடலாம் என்பதுபோல. கறுப்பாத் தெரிஞ்சா எல்லாரும் முதல்லயே ஓடி வந்துருவாங்களேம்மா, மூளை அந்த எடத்தைக் காலியா விடாது, பக்கத்துல என்ன இருக்கோ அதை எடுத்துப் பூசிரும். அவ்வளவுதான் சொன்னார், அடுத்த நோயாளியை அழைக்க மணியும் அடித்தார், அவளோ நாற்காலியைவிட்டு எழவில்லை, எத்தன வருஷமா இருக்கும் டாக்டர் என்றாள், சரியாச் சொல்ல முடியாது, நாலஞ்சு வருஷம் இருக்கலாம் என்றார்.

நாலைந்து வருஷம், அந்த வருஷங்கள் ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் ஒரு சுவர் பூசியிருக்கிறது, மகள் நறுமுகை ஆண்டுவிழாவில் ஆடுகிறாள், மேடையில் பச்சைப் பாவாடைகள் சுழல்கின்றன, தமயந்தி முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறாள், வீட்டுக்கு வந்து, ஏன் கண்ணு, கடைசிப் பாட்டுக்கு உன்னை விடலையா என்கிறாள், மகள் சோற்றைப் பிசைந்தபடி, நான் ஓரத்துலதான்மா ஆடுனேன், உன்னையேதான் பாத்துட்டிருந்தேன் என்கிறாள், அன்றைக்கு அது குழந்தையின் சிணுங்கல். ஆஸ்பத்திரியில் அப்பா படுத்திருக்கிறார், சுவாசக் குழாய், பேச முடியாது, அவள் வலப்பக்கம் திரும்பி நர்ஸிடம் ஏதோ கேட்கிறாள், அப்பாவின் கை போர்வைமேல் அசையாமல் கிடந்ததாகத்தான் ஞாபகம், ஞாபகமா, பூச்சா, ஒருவேளை கையைத் தூக்கினாரோ, ஒருவேளை நீட்டியபடியே வைத்திருந்தாரோ, போர்வையை எடுத்து மூளை கையின்மேல் பூசிவிட்டதோ, அதைக் கேட்க இப்போது அந்தப் பக்கம் யாருமில்லை. ஸ்கூட்டரில் எத்தனையோ தடவை இடப்பக்கம் ஒடித்திருக்கிறாள், பின்னால் மகளை வைத்துக்கொண்டு, வெறிச்சோடிய சாலையில், வெறிச்சோடியதாக அவள் கண்ட சாலையில், நினைத்த மாத்திரத்தில் சாவியைக் கொண்டுபோய்ச் சிவஞானத்தின் கையில் கொடுத்துவிட்டாள். ஹபீபாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் தான் அன்று சிரித்ததை நினைத்து அழுதாள், நீங்க வேணும்னே நக்கலடிச்சீங்கன்னுதான் நெனச்சேன்க்கா, சத்தியமா என்றாள், தமயந்தி அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. ஞாயிறு வந்தது, புதுப் படம் வந்தது, போகவில்லை, என்னாச்சு மேடம், இந்த வாரம் காணோமே என்று கேட்டவர்களுக்குப் பதில் எழுதவில்லை. படுத்தால் அந்தச் சிறுமி முழங்காலைக் கட்டிக்கொண்டு அறையின் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள், கண் விழித்த பிறகும் இருக்கிறாள், முகத்தைத் திருப்பிப் பார்க்கத் துணிவில்லை, திருப்பினால் அது நறுமுகையின் முகமாக இருக்கும்.

ஏனென்றால் டாக்டர் அம்மா கடைசியாக ஒன்று சொல்லியிருந்தார், இது குடும்பத்தில் வரக்கூடியது, மகளையும் ஒருமுறை அழைத்து வாருங்கள். அழைத்துப் போவதைத் தமயந்தி தள்ளிக்கொண்டே போனாள், பரீட்சை என்றாள், சளி என்றாள், பாக்காம இருந்தா இல்லாமப் போயிருமா என்று சிவஞானம் ஒருநாள் மெதுவாகக் கேட்டார், அவளே அடுத்த நாள் விடுப்பு எடுத்தாள். கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே நறுமுகை கிண்ணத்துக்குள் முகத்தை வைத்திருப்பாள், வெளியே பெஞ்சில் தமயந்தி, பொத்தான் அழுத்தும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள், கேட்கிறது, நின்றுவிடுகிறது, ஏன் நின்றது, வெளிச்சம் வரவில்லையா, வந்தும் தெரியவில்லையா, வாழ்க்கையில் எந்தப் படத்தையும் இப்படி மூச்சுவிடாமல் அவள் உட்கார்ந்து கவனித்ததில்லை, திரையே இல்லை, சாத்திய கதவுதான், சிவஞானம் அவள் கையைப் பிடித்திருந்தார். டாக்டர் அம்மா தாளைப் பார்த்தார், அடுத்த பக்கத்தைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார், இவளுக்கு ஒண்ணுமில்லம்மா, சுத்தமா இருக்கு, வருஷாவருஷம் வந்து பாத்துக்கிட்டாப் போதும் என்றார், தமயந்தி அந்தச் சொற்களைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

வெளி வராந்தாவில் நறுமுகை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, உள்ள ஒரே போர்மா, வெறும் புள்ளிதான், கதையே இல்ல என்றாள், சிவஞானம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார், சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. தமயந்தியின் பயம் போய்விடவில்லை, அது இனி சொட்டு மருந்தோடு தினமும் காலையில் எழுந்திருக்கும், வலக்கண்ணின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும், கொடுக்காமல் இருக்கப் போராட வேண்டும், அது அவளுக்குத் தெரியும். மகள் இடப்பக்கம் வந்து நடந்தாள், ரெண்டடி போனதும் நினைவு வந்து, ஐயோ, நான் அந்தப் பக்கம் வந்துக்கறேன்மா என்றாள். வேண்டாம், அங்கயே வா என்றாள் தமயந்தி, நின்றாள், கழுத்தை முழுசாகத் திருப்பினாள், மகளின் காது வந்தது, கன்னம் வந்தது, பிறகு முழு முகமும் வந்தது, பார்த்து முடிக்கும்வரை அவள் நகரவில்லை.