பாடு நாள் விடுப்பு

"அது பொய் சொன்னா, அத யாரு நைனா அடிப்பாங்க?"

இரண்டாம் வகுப்பு படிக்கும் ஜெனிஃபர் ஒருநாள் இப்படிக் கேட்டபோது ஜெரோம் சிரித்துவிட்டான். எளாவூர்ப் பக்கம் ஓர் இறால் கம்பெனியில் ஐஸ் உடைக்கும் மிஷின் அவன் பொறுப்பு. அங்கே லீவு நோட்டை எடுத்துவிட்டார்கள். இனி எதுவானாலும் போனில் கம்பெனி ஏற்றிக்கொடுத்த செயலியிடம்தான் கேட்கவேண்டும். ஆளில்லாமல், ஆள் எழுதுவதுபோலவே அது பதில் எழுதும். அதைத்தான் மகள் எட்டிப் பார்த்திருந்தாள்.

ஜெரோமின் ஊர் மீனவர்களுக்கு ஏரியில் பாடு என்பது முறை. சீட்டுக் குலுக்கலில் விழுந்த நாளில் அந்த வீட்டுக்காரன்தான் அந்த இடத்தில் வலை போடலாம். தவறவிட்டால் அடுத்த முறைக்கு இருபது நாள் காத்திருக்கவேண்டும். அடுத்தவன் பாட்டில் வலை இறக்கினவனை ஊர் சும்மா விடாது.

"நாளைக்கு எங்க பாடு. லீவு உண்டா?" என்று ஜெரோம் எழுதினான்.

"பாடு நாளுக்கு உள்ளூர் வழக்க விடுப்பு உண்டு. உங்கள் விடுப்பு பதிவாகிவிட்டது. வலை நிறையட்டும்!"

எந்த சூப்பர்வைசரும் அவனை இப்படி வாழ்த்தியதில்லை. அவனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. மறுநாள் இறாலும் நன்றாகவே பட்டது.

அதற்கடுத்த நாள் காலையில் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்ததும் முதல் அடி காதோரம் விழுந்தது.

அடித்தவன் டேவிட். அதே கம்பெனியில் கூடை சுமக்கும் உள்ளூர்க்காரன் தேவதாஸின் தம்பி. கையில் ஐஸ் பாளத்தை இழுக்கும் இரும்புக் கொக்கி. அதன் பிடியால் இரண்டாவது அடி போட்டதில் ஜெரோமின் புருவம் கிழிந்தது.

"மூணு வெரலுடா! ஒன் மிஷின்ல எங்க அண்ணனுக்கு மூணு வெரலு பூட்ச்சிடா! நீ எங்கடா போய்ச் சுருண்டுனு கெடந்த?"

"லீவு குட்த்துச்சி டேவிட்டு! இத பாரு..."

நீட்டிய போனைத் தட்டிவிட்டு டேவிட் அதன்மேல் ஏறி மிதித்தான். கண்ணாடி நொறுங்கியது. சத்தம் கேட்டு வந்த சூப்பர்வைசர் விஜயராகவன் விலக்கிவிடவில்லை.

"பாடு லீவாம்! எந்த ரூல்ல கீது? அது எதையாவது ஒளறும். ஒரு வார்த்தை என்னாண்ட கேட்டியா?"

"போன்ல கேளுன்னு சொன்னதே நீங்கதான சார்!"

விஜயராகவனின் அறை பளாரென்று விழுந்தது. நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் ஜெரோமுக்குக் கண் இருண்டது. பாய்ந்து டேவிட்டின் வயிற்றில் முட்டினான். கீழே விழுந்தவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, கொக்கியைப் பிடுங்கி, அதன் கூர்முனையைத் தொண்டைக்குழியில் வைத்து அழுத்தினான். ஒரு பொட்டு இரத்தம் எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும்.

"குத்துடா," என்றான் டேவிட். அவன் அழுதுகொண்டிருந்தான். "ஜெரோமுக்கு ஆப்சென்ட் போடாதீங்க சார், புள்ளகுட்டிக்காரன், அவனுக்குப் பதிலா நான் நிக்கிறேன்னு எங்க அண்ணந்தாண்டா அந்த மிஷினாண்ட போனாரு. குத்து!"

ஜெரோமின் கை தளர்ந்தது. கொக்கி தரையில் விழுந்து உருண்டது.

அதன்பிறகு டேவிட் வெகுநேரம் அடித்தான். ஜெரோம் ஒருமுறைகூடக் கையைத் தூக்கவில்லை. பல் ஒன்று விழுந்தது. மகளின் கேள்வி அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. பொய் சொன்ன அந்தச் செயலிக்கு முகம் இல்லை. அடி வந்து விழ முகம் வேண்டுமே. அது தேவதாஸுக்கு இருந்தது, தனக்கும் இருக்கிறது.

வேலை போயிற்று. பன்னிரண்டு நாள் கழித்துத் தேவதாஸின் பாடு வந்தது. அவன் சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்தான். டேவிட் துணைக்கு இருந்தான். வீட்டில் மனைவி கோமளா மட்டும். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் ஏரிக்கு எப்படிப் போவாள்?

விடிவதற்கு முன்னால் ஜெரோம் தேவதாஸின் படகை அவிழ்த்தான். ஒரு கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. யாராவது பார்த்தால் இன்னொரு முறை அடிபடவேண்டும். மார்பில் சிலுவை வரைந்துகொண்டு, தேவதாஸின் வலையையே தேவதாஸின் இடத்தில் இறக்கினான்.

கரையில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் திரும்பிவிட்டான். வலையை அலசி, இருந்த இடத்திலேயே மடித்து வைத்தான். கோமளாவின் பின்வாசலில் இறால் கூடையை இறக்கி, ஈரச் சாக்கால் மூடினான். உள்ளே பிள்ளை சிணுங்கியது. அவள் தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொல்லித் தட்டிக்கொடுப்பது கேட்டது.

பூனை இழுத்துவிடாமல் சாக்கின்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு, அவன் ஏரிக்கரையோடு நடந்து போனான்.