மறைத்து வைத்த அறிக்கை

எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிற கணவர் ஒரு வாரமாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதுதான் அவளை உறுத்தியது.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இரண்டு வருடங்களுக்கு முன் உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையில் பிழைத்தவள். புதிதாக எடுத்த ஸ்கேனைப் பற்றி, "ஒண்ணுமில்ல, சாதாரண வீக்கம்" என்று கணவர் சொல்லியிருந்தார். அறிக்கையைக் கேட்டால் ஆபீசில் இருக்கிறது என்றார். தங்கை வேறு தினமும் போன் செய்து, பேச்சுக்கு நடுவே மூக்கை உறிஞ்சினாள்.

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவள் நேரே மருத்துவமனைக்குப் போனாள்.

"வீட்டுக்காரர் சொல்லலையா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல. நீங்களாவது மழுப்பாம சொல்லுங்க."

"திரும்ப வந்திருக்கும்மா. கழுத்துல ஒரு கட்டி. கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கலாம். முழுசா போயிடும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். அடங்க வாய்ப்பிருக்கு."

வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனை நாளைக்கு மூடி மறைக்கலாம்னு இருந்தீங்க?"

"என் வாயால சொல்ல தைரியம் வரலடி" என்று அவர் உடைந்து அழுதார். அவள் கோபம் கரைந்தது, சந்தேகம் கரையவில்லை. அன்றிலிருந்து எல்லாக் காகிதமும் முதலில் அவள் கைக்கே வந்தது.

சிகிச்சை ஆறு வாரம் நடந்தது. தண்ணீர்கூடத் தொண்டையில் நெருப்பாக இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். அடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. டாக்டரம்மாவின் சிரிப்பை நம்பாமல், அவள் அறிக்கையை வரி வரியாக இரண்டு முறை படித்தாள்.

சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடமாகிறது. காலை ஏழு மணிக்கு அவள் பேருந்து கிளம்பிவிடுகிறது.