மூன்றாம் தரம் கூப்பிடாத வகுப்பு

அம்மாக்கண்ணு மறைய ஆரம்பித்தது 1981 ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, இரண்டாவது பீரியடில். முதலில் போனது இடது காது. கம்மல் மட்டும் அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கனீஸ் ஃபாத்திமா அதை ஏதோ பூச்சி என்று நினைத்து நோட்டுப் புத்தகத்தால் விசிறினாள். அடுத்த வாரம் வலது கையில் மூன்று விரல்கள் போயின. பேனா தானாக எழுதிக்கொண்டிருந்தது. துணியும் கம்மலும் சில நாள் தாக்குப்பிடித்துவிட்டு அவையும் கூடவே போய்விட்டன. தீபாவளிக்குள் ஆள் முழுசாகப் போய்க் குரல் மட்டும் மிஞ்சியது. அந்த வருஷம் அடிவாரத்தில் நிலக்கடலை நல்ல விளைச்சல், மழையும் பருவத்தில் பெய்தது, மலை பஸ் ஒரே ஒரு தடவைதான் கொண்டை ஊசி வளைவில் நின்றுபோனது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கும் மேலே, பன்னிரண்டே வீடுகள் உள்ள கடுக்காமரத்தூர் அவளுடைய ஊர். அங்கிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். அப்பா சின்னதம்பிக்குச் சாமைக் கொல்லையும் ஏழு புளியமரமும் இருந்தன. அம்மா மங்கம்மாள், மகள் பஸ் ஏறிய அன்று மூன்று வேளையும் சாப்பிடவில்லை. அடிவாரத்து ஊரில் இருந்த பெண்கள் கல்லூரியில் பி.ஏ. வரலாறு, விடுதியில் ஒரு கட்டில். தமிழில் படித்துவிட்டு வந்த முதல் வருஷப் பெண்களுக்கென்று தனியாக அடிப்படை ஆங்கிலம் என்று ஒரு வகுப்பு நடந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பது, நான் இருக்கிறேன், அவள் இருக்கிறாள், அவர்கள் இருந்தார்கள் என்று வாக்கியம் அமைப்பது, பிறகு ஆளுக்கு ஒரு பத்தியை எழுந்து நின்று உரக்கப் படிப்பது. இந்தக் கடைசி விஷயத்துக்கு நாற்பது பெண்களும் பயந்தார்கள். அம்மாக்கண்ணுவுக்கு முதல் வாரமே காய்ச்சல் வந்தது.

ஆனால் அவள் மறைந்ததற்குக் காரணம் அந்தப் பயம் அல்ல, வேறொரு பயம். கடுக்காமரத்தூரில் யாரையும் ஒரே தரம் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். புளியந்தோப்பிலும் சாமைக் கொல்லையிலும் ஒன்று திரிகிறது. அதற்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் எவனாவது கூப்பிட்டுத் தொலைப்பான் என்று வைக்காமலே விட்டுவிட்டார்கள். அதற்கு யார் குரலிலும் பேச வரும், ஆனால் ஒரு பேரை ஒரு நாளில் ஒரு தரம்தான் கூப்பிட முடியும். அதற்கு "உம்" என்று சொல்லிவிட்டவர் எழுந்து அதன் பின்னால் போய்விடுவார், திரும்புவதில்லை. ஊருக்குத் தெரிந்து பதினொரு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். கடைசியாகப் போனவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். மாடுகள் மீதிக் கொல்லையைத் தாங்களாகவே உழுது முடித்துவிட்டுத்தான் நின்றன. ஆகையால் அந்த ஊரில் மனிதர்கள் மூன்று தரம் கூப்பிடுவார்கள், மூன்றாவதற்குத்தான் பதில் வரும். மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் இதற்குப் பழகிப்போய் ஒவ்வொரு பேரையும் மும்மூன்று தரம் படித்து ஆஜர் எடுத்தார்கள். அதற்குள் முதல் மணி முடிந்துவிடும். முதல் மணி கணக்குப் பாடம் என்பதால் மலைப் பிள்ளைகள் கணக்கில் கொஞ்சம் சுமார்.

கல்லூரியில் மற்ற ஆசிரியர்கள் எண்ணைச் சொல்லி ஆஜர் எடுத்தார்கள். எண் பேராகாது, அதனால் அம்மாக்கண்ணு தைரியமாகப் பதில் சொன்னாள். ஆங்கிலம் எடுத்த எஸ்தர் மேடம் மட்டும் நல்ல மனசுக்காரர். பெண்களை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது ஜெயிலில்தான் என்று சொல்லி, எல்லாரையும் பேர் சொல்லியே கூப்பிட்டார். ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல், ஒரே தரம். அம்மாக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் காத்திருப்பாள். அதற்குள் அடுத்த பேர் வந்துவிடும். மேடம் மறந்துவிட்டார் என்று முதல் நாள் நினைத்தாள். பத்தாம் நாள், இது மேடத்தின் குரல்தானா என்ற சந்தேகம் வந்தது. அது தன் பின்னாலேயே பஸ் ஏறி இறங்கி வந்திருக்குமோ என்று நினைத்து வாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள். ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: மேடம் தன்னைப் படிக்கச் சொல்லி எழுப்பவே இல்லை என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதி வந்த புதன்கிழமைதான் காது போனது.

விடுதியில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமையல்கார அம்மா ஆளில்லாத தட்டில் சோறு போட்டார், சோறு காலியானது. கனீஸ் ஃபாத்திமா வாணியம்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரியாக இருக்கும் பாஷாவின் மகள். சின்ன வயதில் வலமிருந்து இடமாக உருது படித்துவிட்டு, பிறகு இடமிருந்து வலமாகத் தமிழுக்குத் திரும்பியவள். ஆங்கிலத்தில் அவளும் தடுமாறிக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தை விரித்து, ஒவ்வொரு சொல்லின் மேலும் ஒரு புளியங்கொட்டை வைப்பார்கள். படித்து அர்த்தம் சொல்லிவிட்டால் கொட்டையை எடுத்துவிடலாம். ஆகஸ்டில் ஒரு பக்கத்துக்கு நூற்றுச் சொச்சம் கொட்டை அப்படியே கிடந்தது. டிசம்பரில் இருபது முப்பதுதான் மிஞ்சின. கொட்டைகள் தாமாக எழும்பி டப்பாவுக்குள் விழுவதைத் தோட்டக்காரர் தினமும் பார்த்துவிட்டு, தன்பாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு முன்னால் சின்னதம்பி ஒரு மூட்டைச் சாமையோடு மகளைப் பார்க்க வந்தார். விடுதி வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரத்துக்குக் கைக்கெட்டும் தூரத்திலிருந்து, பானைக்குள்ளிருந்து வருவது போன்ற சன்னமான குரலில் "இன்னாப்பா" என்று பதில் வந்தது. அவர் காற்றைத் துழாவி மகளுடைய தலையைக் கண்டுபிடித்தார்.

"வூட்டுக்கு வந்துடு கண்ணு. இந்தப் படிப்பு நமக்கு வாணாம்."

"வந்தா மட்டும் தெரிவனாப்பா?"

 அழுது முடித்துவிட்டு, நேராக ஊருக்குப் போகாமல் வழியில் காவலூரில் இறங்கி, நட்சத்திரம் பார்க்கிற கட்டடத்துக்குப் போனார். எட்டாத நட்சத்திரத்தைக் காட்டுகிற கண்ணாடிக்கு எட்டடியில் நிற்கிற மகளைக் காட்டத் தெரியாதா என்று கேட்டார். வாசல் காவலாளி மரியாதை தெரிந்தவர். அந்தக் கண்ணாடி மேலே மட்டும்தான் பார்க்கும் என்று வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார்.

பிப்ரவரி முதல் வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பெண்கள் கும்பலாக நின்று யாராவது படித்துச் சொல்லக் காத்திருந்தார்கள். அம்மாக்கண்ணு கும்பலுக்குள் புகுந்து, தானே எழுத்துக் கூட்டிப் படித்தாள். யாருடைய உதவியும் இல்லாமல் அவள் முழுசாகப் படித்து முடித்த முதல் ஆங்கிலம் அதுதான். ஆங்கில வகுப்புக்கு வராத மாணவிகள் பரீட்சை எழுத முடியாது, பெயர் நீக்கப்படும், வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு நாள்கூடத் தவறாமல் வருகிறவர்கள் மட்டும் மன்னிக்கப்படுவார்கள் என்று இருந்தது. ஏழாவது பெயர் அவளுடையது. அன்று மதியம் ஆளில்லாத வகுப்பில் மேடத்தின் ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்தாள். தன் பேருக்கு எதிரே வராதவர்களுக்குப் போடுகிற எழுத்து, முதல் நாளிலிருந்து நேற்று வரைக்கும், ஒரு கட்டம் விடாமல் வரிசையாக நின்றது. அப்போதுதான் விஷயம் புரிந்தது. கீழே இருக்கிறவர்கள் யாரையும் மூன்று தரம் கூப்பிடுவதே இல்லை. அவள் கத்தினாள். அந்தக் கத்தல் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. குரலும் போய்க்கொண்டிருந்தது.

கனீஸுக்கு இது சின்ன விஷயமாகத் தெரிந்தது. "இதுக்கா இவ்ளோ பயம்? ஒன் பேருக்கு நான் பிரசன்ட் சொல்றேன், வுடு" என்றாள். வியாழக்கிழமை மேடம் பேரைப் படித்ததும் அவள் வாயைத் திறந்தாள். கண்ணுக்குத் தெரியாத கை ஒன்று வந்து அந்த வாயை இறுக்கிப் பொத்தியது. ஐந்து விரல்களின் தடமும் மூன்று நாள் அவள் கன்னத்தில் இருந்தது. "நீ சொன்னா நீ போய்டுவடி" என்று காதோரம் அம்மாக்கண்ணு அழுதாள். கனீஸ் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். "அப்போ நீயே சொல்லு. போனா ரெண்டு பேரும் போவோம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை கனீஸ் தன் துப்பட்டா முனையைத் தடவித் தடவி அம்மாக்கண்ணுவின் தாவணி முனையோடு முடிந்தாள். ரிப்பனால் அவளுடைய கணுக்காலைப் பெஞ்சின் காலோடு சேர்த்துக் கட்டினாள். மேடம் தலை தூக்காமல் படித்துக்கொண்டு வந்தார். முன்னால் ஐந்து பேர், நான்கு பேர், ஒரு பேர்.  அம்மாக்கண்ணுவுக்கு மாடுகள் தனியாக உழுததுதான் கண் முன்னால் நின்றது. பேர் வந்தது. ஒரே தரம். அவள் கண்ணை மூடிக்கொண்டு "பிரசன்ட், மேடம்" என்றாள். கால் எழும்பவில்லை, ரிப்பனும் அறுந்துபோகவில்லை. மேடம் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார்.

"இத்தனை நாள் எங்கே போயிருந்தே?"

"இங்கியேதாங்க மேடம் இருந்தேன்."

"நல்லா இருக்கே. எழுந்து பதினாறாம் பக்கம் படி."

கிணறு வெட்டின ஒரு விவசாயியைப் பற்றிய பத்தி அது. படித்து முடிக்கப் பதினேழு நிமிஷம் ஆனது. முதல் வரியில் கணுக்கால் தெரிந்தது, நான்காவது வரியில் முழங்கை, விவசாயி தண்ணீரைக் கண்ட இடத்தில் கழுத்தும் முகமும். யாரும் சிரிக்கவில்லை, அடுத்து தங்களை எழுப்பிவிடுவாரோ என்ற கவலையில் எல்லாரும் குனிந்திருந்தார்கள். உச்சரிப்பு மோசம், ஆனால் நிறுத்தாமல் படித்தாய் என்று மேடம் சொன்னார். அதற்குப் பிறகு பரீட்சை வரைக்கும் அவள் ஒரு வகுப்பும் தவறவிடவில்லை. ஒரே தரம் கூப்பிட்டதும் பதில் சொல்லிப் பழகினாள். ஒவ்வொரு தரமும் உயிர் போய் வந்தது. ஏப்ரலில் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் நாற்பத்திரண்டு மார்க் வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பினாள்.

மங்கம்மாளுக்கு மகள் கண்ணுக்குத் தெரிந்ததில் சந்தோஷம். ஆனால் அது இரண்டாம் நாள் வரைக்கும்தான். அடுப்படியிலிருந்து முதல் தரம் கூப்பிட்டதற்கே மகள் "இன்னாம்மா" என்று வந்து நின்றாள். அம்மா அவளை அடித்தாள், வாயில் துணியை அடைத்தாள், கொல்லைக்குப் போகாதே என்று காலைப் பிடித்தாள். அம்மாக்கண்ணு முயற்சி செய்யாமல் இல்லை. மூன்று மாசம் பழக்கின நாக்கு, பேர் காதில் விழுந்தவுடன் தானாகப் புரண்டது. விதைப்புக்கு ஆள் போதாததால் ஜூன் முதல் வாரம் அவளையும் சாமைக் கொல்லைக்குக் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. காலை ஏழு மணி இருக்கும். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கொல்லையில் இருந்தார்கள். சின்னதம்பி மகளுக்கு எதிரே வாயை மூடிக்கொண்டு விதையைக் கையில் அள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய குரல் புளியந்தோப்பிலிருந்து "அம்மாக்கண்ணு" என்று கூப்பிட்டது.

"பிரசன்ட்" என்றாள் அவள்.

சொல்லிவிட்டுத்தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. எல்லாரும் மண்ணோடு மண்ணாகக் குப்புற விழுந்தார்கள். சின்னதம்பி மகளுடைய இரண்டு காலையும் கட்டிக்கொண்டார். கால்கள் எழும்பவில்லை.  நெடுநேரம் கழித்து, அதே குரல் அடுத்த பேரைப் படித்தது. "மங்கம்மா."

"சொல்லும்மா. நா சொன்னதயே சொல்லு."

"அய்யோ, எனுக்கு இன்னாடி தெரியும் அதெல்லாம்?"

"மூணாந்தரம் வராதும்மா. சொல்லு!"

"பிரசன்ட்டு" என்றாள் மங்கம்மாள், கண்ணீர் மூக்கில் வழிய. குரல் அடுத்த வீட்டுக்குப் போனது. அன்று பன்னிரண்டு வீட்டுப் பேர்களும் வரிசையாக வந்தன, ஒவ்வொருவராக நடுங்கிக்கொண்டே பதில் சொன்னார்கள். கடைசி வீட்டு ராஜவேலு மட்டும் பரம்பரை வழக்கத்தை விடமாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டார். மறுநாள் அவருடைய கட்டைவிரலைக் காணவில்லை. அதற்கு அடுத்த நாள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் அவர்தான்.

ஜூன் பதினெட்டாம் தேதி அம்மாக்கண்ணு இரண்டாம் வருஷத்துக்குப் பஸ் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகும் கடுக்காமரத்தூரில் தினம் காலை ஏழு மணிக்குத் தோப்பிலிருந்து பேர்கள் படிக்கப்படுகின்றன. பால் குடிக்கிற குழந்தைகளுக்குப் பதில் தாய்மார்கள் சொல்கிறார்கள், அது ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அந்த ஊரிலிருந்து அதற்குப் பிறகு யாரும் எழுந்து போகவில்லை. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, பேர் வரும்வரை எல்லாருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. சந்தைக்கோ கல்யாணத்துக்கோ வெளியூர் போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே தோப்புப் பக்கம் போய், லீவு சொல்லிவிட்டுப் போகிறார்கள்.