அமலோற்பவம் சொல்ல வந்தது

நன்மை அப்பத்தை விரல் நுனியில் எடுத்துக்கொண்டு அருளப்பன் குனிந்தார். கட்டிலில் கிடந்த அவர் பெண்டாட்டி அமலோற்பவம் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணாம வாங்க மாட்டேங்க."

"சாமி தியானத்துல இருக்காரும்மா. போன் பண்ணிட்டேன். கிளம்பிட்டாரு."

"எப்ப வருவாரு?"

"ரெண்டு மணி ஆவும்."

அப்போது மணி பதினொன்றரை. ஆஸ்பத்திரியில் "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லி அனுப்பி ஆறு நாள் ஆகிறது. கர்ப்பப்பையில் ஆரம்பித்தது ஈரல் வரைக்கும் போய்விட்டிருந்தது. காலையிலிருந்து மூச்சு வேறு மாதிரி இழுத்தது. சுற்றுவட்டாரத்துச் சாமிமார்கள் அத்தனை பேரும், வேளை பார்த்த மாதிரி, வருஷத் தியானத்துக்குப் போய் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அருளப்பனும் பட்டம் பெற்றவர்தான். முப்பது வருஷம் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக நின்றவரை, ஏழு மாசத்துக்கு முன் ஆயர் வந்து தலையில் கை வைத்து நிரந்தரத் திருத்தொண்டராக்கினார், அதாவது டீக்கன். பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறவருக்கும் சபை கொடுக்கிற பட்டம் அது. ஞானஸ்நானம் கொடுக்கலாம், கல்யாணம் நடத்தி வைக்கலாம், செத்தவரை அடக்கம் செய்யலாம். பூசை வைக்க முடியாது, செய்த பாவத்தைச் சொல்கிறவருக்கு மன்னிப்புக் கொடுக்கிற பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது. உப்பளத்து ஆட்கள் இதையெல்லாம் விசாரித்துவிட்டு "அரை சாமியார்" என்று பேர் வைத்துவிட்டார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை. சட்டத்தைச் சட்டமாகப் பார்க்கிற மனுஷன். நாலு வருஷம் வகுப்புக்குப் போய்ப் படித்ததில் ஒரு வரியை விட்டுக்கொடுக்க மாட்டார்.

பெண்டாட்டி எழுத்தில் சம்மதம் கொடுத்தால்தான் அந்தப் பட்டமே கிடைக்கும். அமலோற்பவம் ரெண்டு நாள் யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டாள். பட்டம் கொடுத்த அன்றைக்கு அவர் கையால் ஊரே வரிசையில் வந்து நன்மை வாங்கியது. அவள் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக் கூடாது, இவள் டீ குடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொள்வது அவருக்கு வசதியாக இருந்தது.

"ஏங்க," என்றாள் அமலோற்பவம். "அதான் உங்களுக்குப் பட்டம் குடுத்துட்டாங்களே. நீங்களே கேளுங்க."

"அது வேற, இது வேறம்மா. மன்னிக்கிற அதிகாரம் குருவுக்குத்தான். என்கிட்ட சொன்னா அது வெறும் பேச்சு."

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"அப்ப வெறும் பேச்சாவே சொல்றேன், கேட்டுக்குங்க. இருவது வருசமா..."

"வேணாம்." அருளப்பன் அவள் கையைப் பிடித்து அமுக்கினார். "சாமி வந்துடுவாரு. அவர்கிட்ட சொல்ல வேண்டியத நான் கேட்டா தப்பாயிடும்."

தப்பாவது ஒன்றாவது. கட்டின பெண்டாட்டி பேசுவதைப் புருஷன் கேட்கக் கூடாதென்று எந்தச் சபையும் சட்டம் போட்டதில்லை. அருளப்பனுக்குப் பயம், அவ்வளவுதான். அது எதுவாக இருந்தாலும் ஒரு சாமியார் காதோடு போகட்டும், நமக்கு வேண்டாம் என்றிருந்தது.

குரு வர முடியாத நேரத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று படித்த, பாவத்துக்கு மனம் வருந்துகிற உத்தம மனஸ்தாப ஜெபத்தை அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவள் கூடச் சேர்ந்து சொல்லவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டாம் தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது கண் திறந்தபடியே இருந்தது, ஆள் இல்லை.

பங்குச்சாமி ஒன்றே முக்காலுக்கு ஓடி வந்தார். செத்தவருக்குப் பாவசங்கீர்த்தனம் ஏது? மரித்தோருக்கான ஜெபத்தைச் சொல்லி முடித்து, அருளப்பன் தோளில் கை வைத்தார்.

"உத்தம மனஸ்தாபம் சொல்லியிருக்கீங்க இல்ல, அது போதும். அவங்க மனசுல இருந்தது ஆண்டவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியும் சாமி," என்றார் அருளப்பன். "எனக்குத்தான் தெரியல."

புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வந்த மகள் ஜெயசீலி, அழுது ஓய்ந்ததும் கேட்டாள். "அம்மா கடைசியா இன்னாப்பா சொல்லுச்சி?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"உங்க பேரு கூடவா சொல்லல?"

அவர் எழுந்து வெளியே போய், ஷாமியானா கட்டுகிறவர்களுக்குக் கயிறு பிடித்தார். ராத்திரி முழுக்க அந்த இருபது வருஷத்தைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். யார் யார் வீட்டுக்கு வந்தார்கள், எப்போது அவள் பேசாமல் இருந்தாள், எந்தச் சண்டையில் பாதியில் நிறுத்தினாள். எல்லாமே அதுவாக இருக்கலாம் போலிருந்தது. ஒன்றுமே அதுவாக இல்லாமலும் இருக்கலாம். இனி இதற்கு முடிவே இல்லை என்பது விடியும்போது விளங்கியது.

மறுநாள் சாயங்காலம் கோயிலில் பூசையைப் பங்குச்சாமி வைத்தார். "கல்லறையில நீங்களே ஜெபம் சொல்லுங்க, டீக்கன். அவங்களுக்கும் அதுதான் ஆசையா இருந்திருக்கும்," என்றார். அருளப்பன் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நின்றார். உப்பளத்துக்குப் பின்னால் தோண்டின குழியில் அடியில் தண்ணீர் ஊறியிருந்தது. ஒரு வார்த்தை பிசகாமல் ஜெபத்தைச் சொல்லி முடித்து, தீர்த்தம் தெளித்தார்.

உப்பளத்தில் அவரோடு வேலை பார்க்கும் காசிலிங்கம், குழியோரம் இருந்த சவப்பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மூடிடலாமா மேஸ்திரி?"

அருளப்பன் மண்ணில் முட்டி போட்டுப் பெட்டிக்குள் குனிந்தார். முத்தம் கொடுக்கிறார் என்று நினைத்துப் பெண்கள் ஓவென்று அழுதார்கள். ஜெயசீலிக்கு மட்டும் கிட்டத்தில் தெரிந்தது. அப்பா காதை அம்மா உதட்டின்மேல் வைத்திருந்தார். தலையைத் தூக்காமலே ஒரு கையை உயர்த்தி, அழுகிறவர்கள் பக்கமாக, கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள் என்று காட்டினார்.