பதினாறு வோல்ட் பெருமை

1

இந்தக் கதையில் வரும் முட்டாள் உண்மையில் நான்தான். இரண்டு குளிர்காலங்களில் மூன்று வண்டி பேட்டரிகளைச் சாகடித்துவிட்டு, விற்ற கடைக்காரரைத் திட்டித் தீர்த்தவன். எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு, பழியை வேறொருவன் தலையில் கட்டலாம். ஆகவே அவன் பெயர் டார்சி, கனடாவின் சஸ்காட்செவனில் கோதுமை விவசாயி.

2

முதல் தொடக்கம்: 'பனி மெல்லப் பொழிந்த அந்தக் காலையில்...' (வேண்டாம். மைனஸ் முப்பத்தைந்தில் பனியை ரசிக்க இங்கே யாரும் வெளியே நிற்பதில்லை.)

இரண்டாவது: டார்சியின் டிரக் விளக்குகள்தான் ஊரிலேயே பிரகாசம். அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை. பல்பு மாதம் ஒன்று போவதை அவன் கண்டுகொள்ளவில்லை. வண்டியிலிருந்து வந்த அழுகிய முட்டை நாற்றத்துக்கு நாயைக் குற்றம் சொன்னான். (நாய்க்கு இங்கே வசனமில்லை. இருந்திருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும்.)

3

அவன் மனைவி லவோனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஆஸ்பத்திரி தொண்ணூறு கிலோமீட்டர். வழியில் வண்டி நின்றுவிட்டால் அவள்

[முடிக்கத் தைரியமில்லை.]

திங்கட்கிழமை, என்ஜின் ஓடும்போது லவோனே பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

"டார்சி, பதினாறு வோல்ட் காட்டுது. இந்தக் குளிருக்கே பதினஞ்சு தாண்டக் கூடாது. பேட்டரி உள்ள இருக்குற தண்ணியெல்லாம் வத்திப் போயிடும்."

"கூடத்தானே வருது? கொறஞ்சாதான் கவலை."

"அப்ப என் மெஷினையும் கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்லவா?"

டார்சி மறுநாள் நான்காவது பேட்டரி வாங்கி மாட்டினான். அளவுக்கு மீறிச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க ஊரின் ஒரே மெக்கானிக் மைரனைக் கூப்பிட வேண்டும். போன மாதம்தான் அவனுக்கே வண்டி பழுதுபார்ப்பது எப்படி என்று டார்சி பாடம் எடுத்திருந்தான்.

4

முடிவு ஒன்று: டார்சி தானாகத் திருந்துகிறான். (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: பாதி வழியில் வண்டி நின்றுவிடுகிறது. எழுதி அடித்துவிட்டேன். என் வண்டி அப்படித்தான் நின்றது. பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்காதீர்கள்.

முடிவு மூன்று: புதன் காலை ஏழு மணி. லவோன் மடியில் போர்வையோடு வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள். டார்சியின் ஒரு கையில் சாவி, மறு கையில் மைரனின் எண்ணோடு கைபேசி.

"அவன் சிரிப்பான், லவோன்."

"சிரிக்கட்டும். சிரிச்சுட்டு, தன் வண்டியில என்னைக் கொண்டுபோய் விடுவான்."

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. எந்தக் கை அசைய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். சீக்கிரம் செய்யுங்கள், எட்டரைக்கு அவள் அங்கே இருக்க வேண்டும்.