இரண்டு சின்னக்குழந்தைகள்

மழை விட்டு மலைக்கு இன்டர்நெட் லைன் திரும்பியதும் முதலில் திரையில் வந்தது டாக்டர் கல்பனாவின் முகம். நெல்லிவாசல்நாட்டு ஆஸ்பத்திரியில் சிவசங்கரிக்கு உயிரே திரும்பி வந்தது போல இருந்தது. அவள் அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவள். உள்ளே கட்டிலில், சாமை அறுக்கப்போய் கண்ணாடிவிரியனிடம் கடிபட்ட வடிவேலு கிடந்தான். நர்ஸ் சின்னக்குழந்தை முதல் சுற்று விஷமுறிவு மருந்தை ஏற்றி முடித்திருந்தாள். டாக்டர் திருப்பத்தூரில் இருந்தபடியே திரையில் அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மேசை போன் அடித்தது. அதுவும் அதே லைன்தான். திருப்பத்தூர் தலைமை ஆஸ்பத்திரியில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அசோக்குமார்.

"இன்னா சங்கரி, லைன் வந்துடுச்சா? ரெண்டு நாளா சும்மா இருக்கல நானு. வேலை செய்ற ஆளுங்க பேரெல்லாம் சுத்தம் பண்ணிட்டேன். உங்க சர்வருக்கும் இப்ப வந்துகினு இருக்கும், பாரு."

"இன்னா சுத்தம்ணா?"

"ரெட்டைப் பதிவு. சின்னக்குழந்தை, தகப்பன் சேட்டு, ஒரே ஊரு. ரெண்டு தபா ஏறியிருக்கு. பழசை வச்சிக்கினு புதுசைத் தூக்கிட்டேன்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி இவன்தான். மலையில் குலசாமி பெயரை வீட்டுக்கு வீடு வைப்பார்கள், ஊருக்கு நாலு சின்னக்குழந்தை, நாலு சேட்டு இருப்பார்கள். அடிவாரத்தில் பிறந்தவனுக்கு இது தெரியாதென்றால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"அண்ணா, அது ரெண்டு ஆளுங்கண்ணா! பழசு சமையல்கார அக்கா. புதுசு நர்ஸு!"

மிச்ச விஷமுறிவுக் குப்பிகள் இருந்த மருந்துப் பெட்டி விரல் வைத்தால்தான் திறக்கும். யார் விரல் என்பதை மலை சர்வரிடம் கேட்கும். அதில் பதிந்த விரல்கள் மூன்றே: டாக்டர், மருந்தாளர், நர்ஸ். முதல் இருவரும் பாதை உடைந்து கீழே மாட்டிக்கொண்டார்கள். இரும்புப் பெட்டி, உடைக்கப் போனால் குப்பிகளும் உடையும்.

"திருப்பிச் சேர்ங்கண்ணா, சீக்கிரம்!"

"பேரைச் சேர்த்துடுவேன் சங்கரி. ரேகை போச்சே. அவ விரலைப் புதுசா வச்சு எடுக்கணும், இங்க இருந்து பதியணும், அப்புறம் அங்க வரணும். இந்த லைன்ல எப்ப வந்து சேரும்னு தெரியல."

மலை சர்வர் வெறும் நகல். கீழே என்ன எழுதுகிறார்களோ அதைத்தான் அது வாங்கி வைத்துக்கொள்ளும், சிவசங்கரியால் அதில் ஒரு எழுத்தை மாற்ற முடியாது. வாங்காதே என்று நிறுத்துகிற அதிகாரமும் கீழேதான். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. மாற்றம் முழுதும் வந்து சேர்ந்தால் ஒரே மூச்சில் ஏற்றிக்கொள்ளும், அதுவரை நர்ஸின் விரல் செல்லும். கோடு பாதியைத் தாண்டியிருந்தது.

"ஈறுல ரத்தம் வருது மேடம்," என்று உள்ளே சின்னக்குழந்தையின் குரல்.

"பதறாத. அடுத்த சுத்து குடுத்துடலாம். எத்தினின்னா..."

கீழிருந்து வரும் லைனின் கேபிளைப் பிடுங்கினால் கோடு நிற்கும், டாக்டரும் போய்விடுவார். அந்த இடைவெளியில் வடிவேலுவுக்கு ஏதாவது ஆனால், ஆளைக் கொன்றவள் சிவசங்கரி என்றுதான் ஊர் பேசும். அசோக்குமாரைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். இருந்தும் பிடுங்கினாள்.

"மேடம்? மேடம்! அய்யோ, இன்னாக்கா பண்ணே?" சின்னக்குழந்தை கதவருகே ஓடிவந்தாள்.

"நான்தான் பிடுங்கினேன். அப்புறம் திட்டு. பெட்டியைத் தெற, இருக்கிற குப்பி அத்தினியும் வெளிய எடு, ஐஸ் பெட்டில வை. ஓடு!"

அவள் காரணம் கேட்கவில்லை. ஓடினாள். விரல் வைத்தாள். பெட்டி ஒரு கணம் யோசித்தது. கிளிக் என்றது. கடைசிக் குப்பி ஐஸில் இறங்கியதும் சிவசங்கரி கேபிளைச் செருகினாள். டாக்டர் திரையில் வர எடுத்துக்கொண்ட நேரம் அவளுக்கு ஒரு யுகம்.

"யாரு லைனைப் பிடுங்குனது?" டாக்டர் கத்தினார்.

"நான்தாங்க மேடம். அப்புறம் சொல்றேன். எத்தினி குப்பிங்க?"

சொன்னார். ஏற்றினார்கள். பச்சைக் கோடு நிரம்பி முடிந்தது. பெட்டி பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கைக் காட்டியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் சாயும்போது கண்ணாடிக் குழாயில் எடுத்த வடிவேலுவின் ரத்தத்தைச் சாய்த்துப் பார்த்தாள் சின்னக்குழந்தை. விஷம் முறிந்து உறைந்திருந்தது, ஒழுகவில்லை. "தப்பிச்சான்," என்றார் டாக்டர். சிவசங்கரி நாற்காலியில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதாள்.

போன் அடித்தது. அசோக்குமாரின் குரல் இப்போது குழைந்து வந்தது.

"சங்கரி, பேரைச் சேர்த்துட்டேம்மா. அந்தப் பொண்ணை வந்து விரல் வைக்கச் சொல்லு. பெரிய ஆபீசருங்க பாக்கறதுக்குள்ள பதிஞ்சிடலாம்."

சிவசங்கரி எட்டிப் பார்த்தாள். கட்டில் ஓரம் உட்கார்ந்து வடிவேலுவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள் சின்னக்குழந்தை.

"அவ விரலு இப்ப ஒருத்தர் நாடியில இருக்குதுண்ணா. உங்க சர்வரை காத்திருக்கச் சொல்லுங்க."