எனக்குக் கேட்காத டேப்பட் சத்தம்

என் பிக்கப் வண்டியின் இன்ஜினில் டேப்பட் அடிக்கிறது என்று ஊரே சொன்னது. ஊர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தானியக் கிடங்குக்கு எதிரே இருக்கும் காபிக் கடையில் காலை ஆறு மணிக்கே வந்து குந்தியிருக்கும் ஏழு பேர்தான். மழை வருமா வராதா என்பதில்கூட அவர்கள் ஒத்துப்போனது கிடையாது. அந்த ஏழு பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது. எழுபத்தெட்டாம் வருடத்து வண்டி, துருவேறாத உடம்பு. எவனோ அடிமாட்டு விலைக்குக் கேட்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கூண்டில்லாத டிராக்டரில் நாற்பது வருடம் உட்கார்ந்தவன் காதில் மெல்லிய சத்தம் எதுவும் ஏறாது. அதை வெளியே சொல்ல நான் என்ன மடையனா?

அக்டோபர் கடைசியில் மகள் ஜோலீன் வந்தாள். ராப்பிட் சிட்டியில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். ஆகையால் அவளுக்கு எல்லாம் தெரியும். நான் வண்டியை முற்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். தையல் மிஷின் மாதிரி அடிக்கிறதே, உங்களுக்குக் கேட்கவே இல்லையா என்றாள். கேட்கிறது, பழகிவிட்டது என்றேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். நவம்பரில் நன்றி நாள் வான்கோழி விருந்துக்கு வருவேன், அதற்குள் இந்தச் சத்தம் நிற்காவிட்டால் சாவி என்னிடம், நீங்கள் என் வீட்டுக் கீழறையில் என்று முடித்துவிட்டாள். குளிர்காலத்தில் ஆளில்லாத ரோட்டில் வண்டி நின்றால் நான் விறைத்துப் போவேனாம். அந்தக் கீழறையை நான் பார்த்திருக்கிறேன். துணி துவைக்கிற மிஷினும், கூரையை ஒட்டி ஒரு சன்னலும் உண்டு. சன்னலில் பக்கத்து வீட்டுக்காரனின் கணுக்கால் தெரியும்.

ஆக, எனக்கு மூன்று வாரம் இருந்தது.

காபிக் கடை வைத்தியர்கள் கடை வாசலிலேயே பானெட்டைத் திறந்து கூடிவிட்டார்கள். ஒருவன் நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். வால்வை அழுத்தும் ராக்கர் என்றான். இன்னொருவன் பெட்ரோல் பம்ப் என்றான். மூன்றாமவன் ஒரு டாலர் நோட்டைச் சைலன்சர் வாயில் பிடித்தான். என் நோட்டுதான். நோட்டு படபடத்து உள்ளே இழுபட்டால் வால்வு கருகிவிட்டது என்று அர்த்தமாம். படபடத்தது. இந்த ஊர்க் காற்றில் படபடக்காதது கல்லறைக் கல் ஒன்றுதான். நோட்டு பறந்தே போனது. வால்வு கருகியது கருகியதுதான் என்று அவன் காபியை முடிக்கப் போய்விட்டான்.

காது நன்றாக இருப்பவர்களுக்கு இதுதான் கேடு. கேட்டவுடன் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எனக்கு அந்த வசதி இல்லாததால் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.

கொட்டகையில் இரண்டு பக்கத்து டேப்பட் கவரையும் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டேன். சட்டையெல்லாம் எண்ணெய். ராக்கரைத் தள்ளும் புஷ்ராடு கம்பி மேலும் கீழும் போகும்போதே மெதுவாகத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள வேண்டும். சுற்றாவிட்டால் அதை அடியிலிருந்து தூக்கிவிடும் கேம்ஷாஃப்ட் தேய்ந்திருக்கிறது. இடப்பக்கம் எட்டும் சுற்றின. வலப்பக்கம் ஏழு சுற்றின. ஒன்று மட்டும் அரசாங்க உத்தியோகஸ்தன் மாதிரி இருந்த இடத்தில் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. அதன் மேலிருந்த ராக்கரும் பாதி உயரம்தான் தூக்கியது.

ரேடியேட்டரில் தொடங்கிக் கேம்ஷாஃப்ட்டை உருவி எடுக்கப் பதினோரு நாள் ஆனது. அதில் ஒரு மேடு, சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி வழுவழுவென்று இருந்தது. தபாலில் புதியது வந்தது. பதினாறு டேப்பட்டையும் சேர்த்தே மாற்றினேன். விரலால் புஷ்ராட்டை உருட்டிப் பார்த்தே இடைவெளி வைத்து, முதல் ஓட்டத்தில் இருபது நிமிடம் ஆக்சிலேட்டரை ஏற்றிப் பிடித்தேன். எல்லாம் முறைப்படி.

ஆனால் சத்தம் நின்றதா? எனக்கு முன்பும் நிசப்தம், இப்போதும் நிசப்தம்.

யாரைக் கேட்பது? காபிக் கடையில் கேட்டால் சிரிப்புக்காக எதையாவது சொல்வார்கள். நல்லவர்கள் என் மனம் நோகாமல் சொல்வார்கள், அது அதைவிட மோசம். என்னைச் சந்தோஷப்படுத்த ஒரு வார்த்தை பேசாத ஆள் இந்த மாவட்டத்தில் ஒருவன்தான். செத்துப்போன என் மனைவி லொரெய்னின் தம்பி டெல்மர். அவன் காளை என் வேலியைத் தாண்டிய நாளிலிருந்து பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. வண்டியை அவன் முற்றத்தில் கொண்டுபோய், அணைக்காமல் நிறுத்தினேன்.

“பதினோரு வருஷம் கழிச்சு வந்து என் கோழிங்கள மிரட்டுற. என்னய்யா விஷயம்?”

“இன்ஜினக் கேட்டுச் சொல்லு.”

“ஏன், உன் காத அடகு வெச்சுட்டியா?”

என் முகத்தைப் பார்த்தவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தான்.

“இடது பக்கம், கடைசிக்கு முந்தினது. லேசா அடிக்குது.”

பொய் என்றேன். சரி பொய்யாகவே இருக்கட்டும், நீயே கேட்டுக்கொள் என்றான். கவரைக் கழற்றினேன். அந்த ராக்கர் நட்டு தளர்ந்துதான் இருந்தது. காய்ப்பு ஏறிய விரலை நம்பினால் இப்படித்தான். அவனே ஸ்பேனரைக் கொண்டுவந்து, இன்ஜின் ஓட ஓட, காதைச் சாய்த்துக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினான். அவன் சட்டையிலும் எண்ணெய் தெறித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

“இப்ப நின்னுருச்சு,” என்றான். பிறகு என் முகத்துக்கு நேராக வந்து நின்றான். “அக்காவுக்குத் தெரிஞ்சிருந்துச்சா, உனக்குக் கேக்காதுன்னு?”

“அவ பேசுறது எனக்குக் கேட்டுச்சு. அவ எப்பவும் சத்தமாப் பேசுறவதான.”

“எங்க அக்காவா? எங்க வீட்ல அவ குரல ஒசத்தி ஒரு நாள் பேசினதில்ல, ஆர்விட்.”

ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு அவன் உள்ளே போய்விட்டான். நான் இன்ஜினை அணைத்துவிட்டுக் கவரை மூடி முடுக்கினேன். கோழிகள் திரும்பி வந்தன.

விருந்து நாளில் ஜோலீன் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சாவியை எடுத்து வண்டியை ஓடவிட்டாள். சுற்றி வந்து கேட்டாள். உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“வண்டி சத்தம் நின்னுடுச்சுப்பா. ஆனா உள்ள வந்ததும் உங்க முதுகுக்குப் பின்னால நின்னு மூணு தடவ கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல.”

பேச்சு வண்டிச் சத்தத்தைப் பற்றித்தானே, காதைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றேன். பல் டாக்டரிடம் சட்டம் சொல்லித் தரமாட்டார்கள்.

“அப்ப திங்கக்கிழமை காது டாக்டர்கிட்ட போறோம்.”

“உங்க அம்மா மாதிரி சத்தமாச் சொல்லு.”

சொன்னாள். அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன.

“போவோம். என் வண்டியில. நான்தான் ஓட்டுவேன்.”

அவள் சாவியை உருளைக்கிழங்குப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்தாள். மனம் மாறுவதற்குள் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.